பொலோன்யாவிலிருந்து ஃபிளாரன்ஸுக்குத் தனியாக நடக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: மே மாதம் அலுவலக வேலையாக மிலான் போகிறீர்கள். வேலை முடிந்தபின் எட்டு நாள் கையில் இருக்கிறது. பொலோன்யாவிலிருந்து ஃபிளாரன்ஸுக்கு மலை வழியாக நடந்து போகலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். இதற்கு முன் தனியாக நெடுந்தூரம் நடந்ததில்லை, இத்தாலிய மொழி தெரியாது, சைவம், பெண். முடியுமா, பாதுகாப்பானதா, எப்படித் திட்டமிடுவது என்று கேட்கிறீர்கள்.

முடியும். முதல் தனி நடைக்கு ஐரோப்பாவில் இதைவிடப் பொருத்தமான வழிகள் குறைவு என்றே சொல்வேன். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை, அழகான வழிகள் எத்தனையோ இருக்கின்றன. இந்த வழியில் கால் வலித்தாலோ மழை பிடித்துக்கொண்டாலோ மனசு விட்டுப்போனாலோ, நடுவில் ஒரு பகுதியைத் தவிர, அன்றைக்கோ மறுநாள் காலையிலோ பேருந்தையோ ரயிலையோ பிடித்து விலகிவிடலாம். தனியாக நடப்பவருக்குத் தைரியத்தைவிட இதுதான் முக்கியம். எங்கே விலகலாம் என்பதை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டவர் நிம்மதியாக நடப்பார். அதனால் ஊர் ஊராகச் சொல்லும்போது அந்த இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் மொத்தக் கணக்கு. வழியின் பெயர் வியா தெல்யி தேய், அதாவது தெய்வங்களின் பாதை. வழியில் வரும் அதோனே, வெனெரே முதலிய மலைகள் பழைய தெய்வங்களின் பெயரைத் தாங்கியிருப்பதால் இந்தப் பெயர். பொலோன்யாவின் மாஜோரே சதுக்கத்தில் தொடங்கி ஃபிளாரன்ஸின் சின்யோரியா சதுக்கத்தில் முடிகிறது. தூரம் ஏறக்குறைய 130 கி.மீ. நடுவில் அப்பெனைன் மலைத்தொடரைக் கடக்கவேண்டும். மிக உயரமான இடம் சுமார் 1,200 மீட்டர், அவ்வளவுதான். ஆனால் ஏறி இறங்கி ஏறி இறங்கி, எல்லா ஏற்றத்தையும் கூட்டினால் நான்காயிரம் மீட்டருக்கு மேல் போய்விடும். ஆகவே உயரத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம்.

இதே இரண்டு ஊர்களுக்கு நடுவே 2009 டிசம்பரில் திறந்த அதிவேக ரயில் பாதையின் நீளம் 78 கி.மீ. சொச்சம், அதில் 73 கி.மீ. சுரங்கம். நாற்பது நிமிடத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், மலை என்று ஒன்று இருப்பதே கண்ணில் படாது. நீங்கள் ஆறேழு நாள் நடப்பது அந்தச் சுரங்கத்தின் கூரைமேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதுள்ள வடிவத்தில் இந்த வழியை மீட்டெடுத்தவர்கள் பொலோன்யாவைச் சேர்ந்த ஒரு நடைக் குழுவினர். ‘இரண்டு எட்டு நடை, அப்புறம் ஒரு பெரிய சாப்பாடு’ என்று பொருள்படும்படி தங்கள் வட்டார வழக்கில் பெயர் வைத்துக்கொண்டவர்கள். அந்த மனநிலை வழி முழுக்க இன்னும் இருக்கிறது. நான்கு நாளில் முடித்தேன், மூன்று நாளில் ஓடினேன் என்று பெருமையடிப்பவர்களையும் பார்ப்பீர்கள். அவர்களை முன்னால் போகவிட்டுவிடுங்கள். உங்களிடம் எட்டு நாள் இருக்கிறது. ஏழு நாள் நடையாகவும் ஒரு நாள் கையிருப்பாகவும் வையுங்கள்.

முதல் நாள் நகரத்துக்குள்ளிருந்தே தொடங்கும். பலர் புறநகர் வரை பேருந்தில் போய்விட்டு அங்கிருந்து நடப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பொலோன்யா தூண்வரிசை நடைபாதைகளின் நகரம். அவற்றை 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றிலேயே நீளமானது நகர வாயிலிலிருந்து சான் லூக்கா குன்றின் மேலுள்ள மாதா கோயில் வரை போகிறது. 3.8 கி.மீ., 666 வளைவுகள், கூரையுடன். மழை கொட்டினாலும் நனையாமல் மலையேறலாம். கடைசிப் பாதி நல்ல செங்குத்து, அங்கேயே உங்கள் முதுகுப்பை எவ்வளவு கனம் என்பது தெரிந்துவிடும். தேவையில்லாததைத் தூக்கிப்போட இன்னும் நகரம் பக்கத்திலேயே இருக்கிறது!

கோயிலுக்குப் பின்புறம் மரங்களுக்கிடையே இறங்கினால் கசலேக்கியோ என்ற ஊர். அங்கிருந்து ரேனோ ஆற்றை ஒட்டிச் சமதளமாக நடந்து சாஸ்ஸோ மார்கோனி சேரலாம். ஏறக்குறைய இருபது கி.மீ. ஊர்ப் பெயரிலுள்ள மார்கோனி வானொலிக்காரர் மார்கோனியேதான். பக்கத்திலுள்ள போன்தேக்கியோவில் இருந்த குடும்ப மாளிகையில்தான் இளம் வயதில் தன் சோதனைகளைச் செய்தார். அவருடைய கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. சாஸ்ஸோ மார்கோனியில் ரயில் நிலையம் உண்டு, பொலோன்யாவுக்கு அடிக்கடி வண்டி இருக்கும். இது உங்கள் முதல் விலகல் இடம். முதல் நாளிலேயே குதிகால் கொப்பளித்துவிட்டால் வெட்கப்படாமல் திரும்பிப் போய், நகரத்தில் ஒரு நாள் தங்கிக் காலைச் சரிசெய்துகொண்டு மறுநாள் ரயிலில் வந்து தொடரலாம். கையிருப்பு நாள் இதற்குத்தான்.

இரண்டாம் நாள் உண்மையான ஏற்றம். மணற்பாறைச் சுவர்போல நீண்டு கிடக்கும் ஒரு முகடு வரும். முன்பு கடலடி மணலாக இருந்தது பாறையாகி மேலே எழுந்தது, சிப்பி ஓடுகள் பதிந்த கற்களைக் காணலாம். அதன் உச்சி அதோனே மலை, 654 மீட்டர். ஒரு பக்கம் சரேலென்று பாறை விளிம்பு. படம் எடுக்கிறேன் என்று பின்னால் நகர்ந்து போகாதீர்கள், தனியாக இருப்பவரை எச்சரிக்க யாரும் இல்லை. வழி முழுக்க ஒரு பக்கம் செத்தா ஆற்றுப் பள்ளத்தாக்கு, இன்னொரு பக்கம் சாவெனா, நடுவிலுள்ள முகட்டில் நீங்கள்.

செத்தாவுக்கு அக்கரையில் தெரிவது சோலே மலை. 1944 செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 5 வரை அந்த மலைக் கிராமங்களில் நாஜிப் படையினர் எழுநூறுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். மார்சபொத்தோ படுகொலை என்று வரலாற்றில் பதிவானது அதுதான். இப்போது அது காடடர்ந்த பூங்கா, பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு. இரண்டு நாள் கழித்து ஃபூத்தா கணவாயில் நிற்கும்போது இது நினைவில் இருக்கவேண்டும் என்பதற்காகவே இங்கே சொல்கிறேன்.

மாலை மொன்ட்சூனோவில் தங்கலாம். சின்ன ஊர், கடைகள் உண்டு. கீழே வாதோவில் ரயில் நிலையம் இருக்கிறது, பேருந்தில் இறங்கிவிடலாம். இது இரண்டாம் விலகல் இடம்.

மூன்றாம் நாளை வேண்டுமென்றே குட்டையாக வையுங்கள். மொன்ட்சூனோவிலிருந்து வெனெரே மலை வழியாக மதோன்னா தேய் ஃபோர்னெல்லி வரை பத்து கி.மீ. சொச்சம். காலை பத்து மணிக்குக் கிளம்பினாலும் போதும். பலர் இதை இரண்டாம் நாளோடு சேர்த்து முடித்துவிட்டு, களைத்துப்போய், நான்காம் நாள் நடையின் அருமை தெரியாமல் கால் இழுத்துக்கொண்டு போவார்கள். வழியின் மிகச் சிறந்த பகுதி நான்காம் நாள்தான், அதற்குப் புதுக் காலோடு போகவேண்டும். ஃபோர்னெல்லியிலிருந்து கீழே சான் பெனெதெத்தோ ரயில் நிலையத்துக்குப் பேருந்து இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நம்பமுடியாது. மூன்றாம் விலகல் இடம் இது. அடுத்து வருவதுதான் விலகல் எளிதல்லாத பகுதி. வானிலை சரியில்லை என்றால் ஃபோர்னெல்லியில் ஒரு நாள் உட்கார்ந்துவிடுங்கள், அல்லது பேருந்தில் இறங்கிவிடுங்கள். இடி மின்னலில் முகட்டுக் காட்டில் தனியாக நடக்கவேண்டாம்.

சரி, நான்காம் நாள். பீச் மரக்காடுகளுக்குள் ஏறிக்கொண்டே போகும்போது திடீரென்று காலடியில் கல் பாவிய சாலை தெரியும். பெரிய பெரிய மணற்கல் பலகைகள், பக்கங்களில் விளிம்புக் கற்கள், நடுக்காட்டில். கி.மு. 187-இல் கான்சல் என்ற ரோமானிய ஆட்சித் தலைவர் பதவியிலிருந்த கையுஸ் ஃபிளாமினியுஸ் பொலோன்யாவிலிருந்து அரேட்சோவுக்கு ஒரு சாலை போட்டார் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதிவைத்திருக்கிறார். மலைவாசிகளை அடக்கி முடித்தாயிற்று, படைவீரர்கள் சும்மா இருக்கக்கூடாது, அதனால் சாலை போடச் சொன்னார் என்பது லிவி தரும் காரணம். அந்தச் சாலை எங்கே போயிற்று என்பது நீண்ட நாள் தெரியாமலே இருந்தது. ஃபிராங்கோ சாந்தி, சேசாரே அகோஸ்தினி என்ற இரண்டு உள்ளூர்க்காரர்கள், தொல்லியல் படித்தவர்கள் அல்ல, தாங்களாகவே காட்டில் தேடித் தோண்டிப் பார்த்து 1979-இல் கற்களைக் கண்டுபிடித்தார்கள். அது ரோமானியச் சாலையேதானா, இடைக்காலத்தில் போட்டதா என்று அறிஞர்களுக்குள் விவாதம் இருக்கிறது. எதுவானாலும் அவர்கள் இருவரின் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். பல்கலைக்கழகம் செய்யாததை ஓய்வு நேரத்தில் மண்வெட்டியோடு செய்திருக்கிறார்கள்.

இந்தப் பகுதியில் தண்ணீர்தான் பிரச்சினை. ஃபோர்னெல்லியை விட்டால் ஃபூத்தா பக்கம் போகும்வரை நம்பகமான குழாய்கள் மிகக் குறைவு. இரண்டு லிட்டர் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள், மதியச் சாப்பாட்டையும் கட்டிக்கொள்ளுங்கள். நடுவில் எங்கோ பொலோன்யா இருக்கும் எமிலியா-ரொமான்யா மாநிலம் முடிந்து, ஃபிளாரன்ஸ் இருக்கும் தஸ்கனி மாநிலம் தொடங்கும். பலகையைப் பார்க்காவிட்டால் தெரியாது.

ஃபூத்தா கணவாய் 903 மீட்டர். பக்கத்துக் குன்றின்மேல் ஜெர்மானியப் போர்வீரர் கல்லறை இருக்கிறது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இத்தாலியிலேயே மிகப்பெரிய ஜெர்மானியக் கல்லறை அதுதான். கட்டடக் கலைஞர் தீட்டர் ஓஸ்டர்லென் வடிவமைத்து 1969-இல் திறக்கப்பட்டது. ஒரு நீண்ட கல்சுவர் சுருள் சுருளாகக் குன்றைச் சுற்றி ஏறி உச்சியில் கூர்மையாக முடிகிறது, சரிவெல்லாம் தரையோடு பதித்த கல் பலகைகள். சிலுவைக் காடு கிடையாது, வீர வசனம் கிடையாது. 1944-இல் ஜெர்மானியர் அமைத்த கோத்திக் அரணில் மிக வலுவாகக் காக்கப்பட்ட இடங்களில் ஒன்று ஃபூத்தா. நேச நாட்டுப் படைகள் இங்கே முட்டிக்கொள்ளாமல் கிழக்கே ஜோகோ கணவாய்ப் பக்கம் உடைத்துக்கொண்டு வந்தார்கள்.

சோலே மலையில் கொன்றவர்களும், எதற்கு வந்தோம் என்றே தெரியாமல் பதினெட்டு வயதில் செத்தவர்களும் ஒரே படையினர்தான். இரண்டு இடங்களையும் நடந்தே கடந்து வரும்போது எளிதாகத் தீர்ப்புச் சொல்ல வராது. ஒரு மணி நேரமாவது அங்கே ஒதுக்குங்கள். மூன்றாம் நாளைக் குட்டையாக வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

இரவு கணவாயிலோ, சற்றுக் கீழே மொன்தே தி ஃபோவிலோ தங்கலாம். ஒரு எச்சரிக்கை: ஃபூத்தா சாலை மோட்டார் சைக்கிள்காரர்களுக்குப் பிடித்த சாலை. ஞாயிற்றுக்கிழமை வளைவுக்கு வளைவு சீறிக்கொண்டு வருவார்கள். சாலையைக் கடக்கும் இடங்களில் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள்.

ஐந்தாம் நாள் கட்ஸாரோ மலை, 1,125 மீட்டர். உச்சியிலிருந்து இறங்கும் இடம் கொஞ்சம் செங்குத்து. மழைக்குப் பின் வழுக்கும். தவிர்த்துப் போக மாற்றுப்பாதை இருக்கிறது, தனியாக இருக்கும்போது அதை எடுப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. அப்புறம் நீண்ட இறக்கம், கஷ்கொட்டை மரத் தோப்புகள், சாந்தகாத்தா கிராமத்தின் பழைய கல் தேவாலயம், கடைசியில் முஜெல்லோ சமவெளி. சான் பியேரோ அ சியேவேயில் ரயில் நிலையம் உண்டு, ஃபிளாரன்ஸுக்கு நேரடி வண்டி. நான்காம் விலகல் இடம். நாள் போதவில்லை என்றால் இங்கிருந்து ரயிலேறிவிடுங்கள். மலையைக் கடந்து முடித்தாயிற்று, யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

ஆறாம் நாளும் ஏழாம் நாளும், ஒரு காலத்தில் ஃபிளாரன்ஸை ஆண்ட மெதிசி குடும்பத்தின் நாடு. மெதிசிகளே முஜெல்லோக்காரர்கள்தாம். சைப்ரஸ் மரங்கள் சூழ்ந்த த்ரெப்பியோ கோட்டையைக் கடந்து போவீர்கள், அது தனியார் சொத்து, வெளியிலிருந்து பார்க்கலாம். அடுத்து செனாரியோ மலை, 800 மீட்டர் சொச்சம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஃபிளாரன்ஸ் வணிகர்கள் ஏழு பேர் தொழிலை விட்டுவிட்டு வந்து தவமிருந்த இடம். அவர்கள் தொடங்கிய துறவியர் சபையின் மடம் இன்னும் அங்கே இயங்குகிறது. ஃபிர் மரத்தின் பிசினிலிருந்து ஒரு மதுவும் காய்ச்சுகிறார்கள். பொதுவாக ஆறாம் இரவு அந்த மலையடியிலுள்ள பிவில்யானோவில் தங்குவார்கள்.

கடைசி நாள் காடும் புல்வெளியுமாகப் போய், ஃபியேசோலேயில் இறங்கும். ரோமானியருக்கு முந்தைய எட்ருஸ்கர் கட்டிய மதில், ரோமானிய அரங்கம் என்று அந்தச் சின்ன ஊரே ஃபிளாரன்ஸைவிட மூத்தது. அங்கிருந்து கீழே நகரமும் பிரமாண்டமான செங்கல் குவிமாடமும் தெரியும். நகரப் பேருந்து இருக்கிறது, கால் விட்டுப்போனால் ஏறிக்கொள்ளலாம். முடிந்தால் ஏழாம் இரவை ஃபியேசோலேயிலேயே கழித்து, எட்டாம் நாள் விடியலில் இறங்குங்கள். மே மாத மாலை நேரத்தில் சின்யோரியா சதுக்கம் சுற்றுலாக் கூட்டத்தால் பிதுங்கும். ஒரு வாரம் காட்டில் நடந்த ஆளுக்கு அது பெரிய அதிர்ச்சி. காலை ஏழு மணிக்கு அதே சதுக்கத்தில் குப்பை வண்டிக்காரர்களும் நீங்களும் மட்டும்தான்.

தனியாக நடப்பதன் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இத்தாலிய நாட்டுப்புறத்தில் பெண்கள் தனியாக நடப்பது புதுமை அல்ல, இந்த வழியில் நிறையப் பேரைப் பார்ப்பீர்கள். பெரும்பாலோர் பொலோன்யாவிலிருந்து தெற்கு நோக்கியே நடப்பதால், முதல் இரவு சாப்பாட்டு மேசையில் பார்த்த முகங்களையே அடுத்த இரவும் பார்ப்பீர்கள். மூன்றாம் நாள் ஒருவர் வந்து சேராவிட்டால் மற்றவர்கள் விசாரிப்பார்கள். இதுவே பெரிய காவல். எதிர்த்திசையில் நடந்தால் இது கிடைக்காது, அதனால் திசையை மாற்றவேண்டாம். பகல் முழுக்கத் தனிமை, இரவில் கூட்டம் என்பதுதான் இந்த நடையின் இயல்பு. முழுத் தனிமை வேண்டும் என்று வருபவர்களுக்கு மே மாதம் ஏமாற்றமாகவே இருக்கும்.

உண்மையான ஆபத்துகள் வேறு. கணுக்கால் பிசகுவது, வழி தவறுவது, உண்ணி. வழி முழுக்கப் பாறையிலும் மரத்திலும் சிவப்பு வெள்ளைப் பட்டை தீட்டியிருக்கும், இத்தாலிய மலையேறுநர் சங்கத்தின் குறி அது. கால் மணி நேரமாக அந்தக் குறியைப் பார்க்கவில்லை என்றால் முன்னால் போகாதீர்கள், கடைசியாகப் பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள். கைபேசியில் வழித்தடக் கோப்பை இறக்கி இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி வைத்துக்கொள்ளுங்கள், காட்டில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. அவசர எண் 112. இத்தாலிய மலை மீட்புப் படையினரின் ஜியோரெஸ்க்யூ செயலி இலவசம், உங்கள் இருப்பிடத்தோடு உதவி கேட்கலாம். கிளம்பும் முன் தங்கும் விடுதிக்காரரிடம் இன்று எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவது பழைய முறை, நல்ல முறையும்கூட.

உண்ணிக்கு முழுக்கால்சட்டை, மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் தடவிப் பார்ப்பது, பையில் ஒரு சின்ன இடுக்கி. காட்டுப்பன்றியும் ஓநாயும் அப்பெனைன் காடுகளில் இருக்கின்றன, ஆனால் உங்களைக் கண்டால் அவைதாம் ஓடும். பண்ணை நாய்கள் ஓடாது, குரைத்துக்கொண்டு வரும். நின்று, ஓடாமல், வேலியை விட்டு விலகி நடந்தால் போதும்.

மண்ணைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பொலோன்யா பக்கத்துக் குன்றுகள் களிமண். கரிசல் காட்டில் மழைக்குப் பின் நடந்தவர்களுக்குத் தெரியும், செருப்புக்கு இரண்டு கிலோ ஏறிவிடும், அதேதான் இங்கும். ஆழமான பள்ளங்கொண்ட அடிப்பகுதியுள்ள, ஏற்கெனவே உங்கள் காலுக்குப் பழகிய காலணி வேண்டும். மிலானில் புதிதாக வாங்கி மறுநாள் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். ஊன்றுகோல் இரண்டு இருந்தால் இறக்கத்தில் முழங்கால் பிழைக்கும். 2023 மே மாதம் எமிலியா-ரொமான்யா மாநிலத்தில் பெருமழையும் நிலச்சரிவும் பெரும் சேதம் விளைவித்தன. அதன்பின் எந்த மழைக்காலத்திலும் பாதையில் ஏதாவது ஒரு துண்டு மூடப்படலாம், கிளம்புவதற்கு முதல் வாரம் சாஸ்ஸோ மார்கோனி சுற்றுலாத் தகவல் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் முத்திரை வாங்கிக்கொள்ளும் நடையர் அட்டையும் அங்கே கிடைக்கும்.

பை எட்டு கிலோவைத் தாண்டவேண்டாம், தண்ணீரையும் சேர்த்து. அலுவலக உடை, மடிக்கணினி எல்லாம் இருக்குமே, அவற்றை என்ன செய்வது? பெட்டியை ஃபிளாரன்ஸில் நீங்கள் தங்கப்போகும் விடுதிக்கு அனுப்பிவிடலாம், அல்லது ஒவ்வொரு நாளும் பையை அடுத்த விடுதியில் சேர்க்கும் சேவையை அமர்த்தலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் மழையாடையும் தண்ணீரும் மருந்தும் எப்போதும் உங்கள் முதுகில்தான் இருக்கவேண்டும்.

சாப்பாடு, நீங்கள் பயந்த அளவுக்கு இல்லை. பொலோன்யாவே இறைச்சிச் சாஸுக்குப் பேர்போனது, ஆனால் மலைப்பக்கம் உங்களுக்குக் கொண்டாட்டம். முஜெல்லோவின் சிறப்பு உணவு தோர்தெல்லி தி பதாத்தே, உருளைக்கிழங்கு அடைத்த பாஸ்தா. பெரும்பாலும் இறைச்சிச் சாஸோடு தருவார்கள், ‘புர்ரோ எ சால்வியா’ என்று கேட்டால் வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தருவார்கள். பொலோன்யா மலைகளில் கிரெஷென்தினே என்ற வட்ட ரொட்டி, பாலாடைக்கட்டியோடு நன்றாக இருக்கும். ‘சென்ட்ஸா கார்னே’ என்று மட்டும் சொன்னால் பன்றித் துண்டு போட்ட சூப் வந்துவிடும், சிலருக்கு அது இறைச்சிக் கணக்கிலேயே வராது. ‘வெஜெதாரியானா’ என்று சொல்லுங்கள், பதிவு செய்யும்போதே எழுதியும் விடுங்கள். கறாரான சைவம் என்றால் ஒன்று: பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் வயிற்று நொதி சேர்த்துத்தான் உறைய வைக்கிறார்கள், ஆட்டுப்பாலில் செய்யும் பெக்கோரினோவில் பலவற்றிலும் விலங்கு நொதிதான். அதை ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை கிராமக் கடைகள் பூட்டியிருக்கும், மறுநாள் ரொட்டியை முதல் நாள் மாலையே வாங்கிவிடுங்கள்.

கடைசியாகப் படுக்கை. இந்த வழியில் தனி ஆளுக்கு இருக்கும் ஒரே உண்மையான தலைவலி இதுதான். மே மாதம் கூட்டம் அதிகம், விடுதிகள் சின்னவை, இருவர் அறையை ஒருவருக்குத் தரத் தயங்குவார்கள், தந்தாலும் விலை கையைக் கடிக்கும். பகிர்ந்து தங்கும் அறையில் ஒரு கட்டில் கேளுங்கள். ஃபோர்னெல்லியிலும் ஃபூத்தா பக்கத்திலும் இடம் மிகக் குறைவு. அந்த இரண்டு இரவுகளை முதலில் பதிவு செய்துவிட்டு, மற்ற ஊர்களை அவற்றுக்கு ஏற்ப முன்னும் பின்னும் நிரப்புங்கள். சான் பியேரோவுக்கு அருகே ஸ்கார்பேரியா என்ற ஊர்ப் பக்கத்தில் முஜெல்லோ மோட்டார் பந்தயத் திடல் இருக்கிறது. அங்கே நடக்கும் மோட்டோ ஜிபி என்ற மோட்டார் சைக்கிள் பந்தயம் வழக்கமாக மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ வரும். அந்த வார இறுதியில் சான் பியேரோ பக்கம் ஒரு கட்டில்கூடக் கிடைக்காது, அந்த வருடத் தேதியைப் பார்த்துவிட்டு நடை நாட்களைக் குறியுங்கள்.

ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் எல்லா இரவுகளுக்கும் தங்குமிடச் சான்று கேட்பார்கள், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் வேண்டும். அலுவலக அழைப்புக் கடிதம் மிலான் நாட்களுக்கு மட்டும்தான் பொருந்தும், நடக்கும் எட்டு நாட்களையும் பயணத் திட்டத்தில் வெளிப்படையாகக் காட்டிவிடுங்கள். காப்பீட்டில் மலைநடையும் சேருமா என்று ஒரு வரி கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விடுதிகளை ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்தால், ஃபோர்னெல்லியில் மழைக்காக ஒரு நாள் நிற்கவேண்டி வந்தாலும் பணம் முழுக்கப் போகாது.